செய்தியின் துலாக்கோல்: மலாயாவும் பாலஸ்தீனமும்

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, சிங்கப்பூரை எதிர்நோக்கிய நீரிணைப் பகுதியை அடுத்து மாசாய் என்னும் ஊர் அமைந்துள்ளது. இன்று அது வீடமைப்புப் பகுதிகளும் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையும் சூழ்ந்த நகரம். 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்குமுன், இவ்வட்டாரம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒன்றாகவே இருந்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு உலக நடப்பைக் கொணர்ந்தவை செய்தித்தாள்கள். கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேச'னும், சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முர'சும் மலாயாத் தமிழரின் முதன்மையான ஏடுகளாக விளங்கின. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பது தோட்டப்புற வழக்கம்.

அவ்வாறு கேட்டோர் செய்தியின் வாசகர் மட்டும் அல்லர். சில வேளைகளில் செய்தியின் பொருளும் அவரே. தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையும், தாம் கண்ட உண்மையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. இவ்வாய்ப்பே இன்று மிகுதியாகப் பேசப்படும் ஒரு வினாவுக்கு விடை தேடத் துணை செய்வதாகும். பாலஸ்தீனர்களைப் பற்றிய செய்திகளில் உலகச் செய்தித்தாள்களும் ஒலிபரப்பு நிலையங்களும் நடுவுநிலையோடு நடந்துகொள்கின்றனவா என்பதே அவ்வினா. இஃது எங்கோ மேற்காசியாவில் நிகழும் வழக்கு என்று தமிழ் வாசகர் எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

இரு நாடுகளை ஆண்டவர்

சர் ஹெரால்டு மெக்மைக்கேல் என்பார் 1938 முதல் 1944 வரை பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945 அக்டோபரில் அவர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். மலாயன் யூனியன் திட்டத்துக்காக மலாய் சுல்தான்களிடம் கையொப்பம் பெறுவது அவருடைய பணி. அவர் முதலில் நாடியது ஜொகூர் சுல்தானையே. மாசாய்க்கு அணித்தே உள்ள ஜொகூர் பாரு, அங்ஙனம் பாலஸ்தீன ஆட்சியின் அனுபவம் மலாயாவுக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்றாயிற்று.

அவரைத் தொடர்ந்து வந்தோர் இன்னும் பலர். பாலஸ்தீன அரசாங்கத்தின் தலைமைச் செயலாளராக 1946 முதல் 1948 வரை இருந்த சர் ஹென்றி கர்னி, 1948 அக்டோபரில் மலாயாவின் ஹை கமிஷனரானார். 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். பாலஸ்தீனப் போலீசின் தலைவராயிருந்த நிக்கல் கிரே என்பவரே மலாயாப் போலீசின் கமிஷனரானார். பாலஸ்தீனப் போலீசில் பணியாற்றிய நூற்றுக்கணக்கானோரும் மலாயாவில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

ஆட்சியாளர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லுங்கால் அவர்தம் பெட்டியில் ஆடையும் அதிகாரமும் மட்டும் செல்வதில்லை. சொற்களும் உடன் செல்கின்றன. அச்சொற்களே அறிக்கைகளாகி, அறிக்கைகளே செய்திகளாகின்றன. ஆதலின் இரு நாடுகளின் செய்தி வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குதல் பொருத்தமானதே.

பெயரிடுவதில் உள்ள தீர்ப்பு

செய்தியில் தீர்ப்பு முதன்முதல் அமர்வது பெயரில். 1917இல் வெளிவந்த பால்பர் அறிக்கை இதற்குச் சிறந்த சான்று. பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைய ஆதரவு தருவதாகக் கூறிய அவ்வறிக்கை, யூத மக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அக்காலத்து மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கினராயிருந்த அரபு மக்களையோ, யூதர் அல்லாத சமூகத்தினர் என்று எதிர்மறையால் குறிக்கிறது. அவர்களுடைய சமய, குடியுரிமைகளுக்கு ஊறு நேரக் கூடாது என்னும் வாசகம் அதில் உண்டு. எனினும் அவர்களுக்கு அங்கே பெயர் இல்லை. பெயரில்லாதார்க்கு வரலாறும் இல்லையென்று பிற்காலத்தார் எண்ணுவது எளிதாயிற்று.

1929இலும் 1936இலும் பாலஸ்தீனத்தில் நிகழ்ந்தவற்றைப் பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷன்கள் 'குழப்பங்கள்' என்றே குறித்தன. 1936 முதல் 1939 வரை நடந்த அரபுக் கிளர்ச்சியில் ஆயுதம் ஏந்தியோர் ஆட்சியாளரின் குறிப்புகளில் 'கொள்ளையர்' எனவும் 'கும்பல்' எனவும் பெயர் பெற்றனர். கொள்ளையனுக்குக் கோரிக்கை இல்லை; ஆதலால் அவனிடம் காரணம் கேட்பாரும் இல்லை. சில ஆண்டுகள் கழிந்தபின், அதே ஆட்சியை எதிர்த்து யூத ஆயுதக் குழுக்கள் எழுந்தபோது அவர்களுக்குப் 'பயங்கரவாதிகள்' என்னும் பெயர் கிடைத்தது. 1944இல் மெக்மைக்கேலையே கொல்ல அவர்களுள் ஒரு குழு முயன்றது. 1946 ஜூலை 22ஆம் நாள் எருசலேமின் கிங் டேவிட் ஓட்டலில் வெடித்த குண்டால் 91 பேர் உயிரிழந்தனர். அக்குழுக்களின் தலைவர்களுள் ஒருவரான மெனக்கெம் பெகின், 1977இல் இஸ்ரேலின் பிரதமரானார். 1978இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெயர் ஆளோடு ஒட்டியிருப்பது அன்று. பெயரிடுபவனின் நிலையோடு ஒட்டியிருப்பது என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

மலாயாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1948 ஜூனில் தொடங்கிய போருக்குப் 'போர்' என்று பெயரிடப்படவில்லை. 'அவசரகாலம்' என்றே பெயர். கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் முதலில் 'கொள்ளையர்' எனப்பட்டனர். 1952இல் அச்சொல்லைக் கைவிட்டுக் 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்' என்னும் தொடரை வழங்குமாறு அரசாங்கமே முடிவு செய்தது. முந்திய நாள் வரை கொள்ளையராயிருந்தோர் மறுநாள் பயங்கரவாதிகளாயினர். அவர்கள் செயல் மாறவில்லை. அறிக்கையின் சொல்தான் மாறிற்று.

இப்பெயரிடுதலால் தமிழர் அடைந்த அனுபவமும் உண்டு. தமிழில் 'கூலி' என்பது உழைப்புக்குப் பெறும் ஊதியத்தின் பெயர். ஆங்கில ஆட்சியின் ஏடுகளில் அச்சொல் உழைக்கும் மனிதனின் பெயராக மாறியது. பெயரும் ஊரும் குலதெய்வமும் உடைய ஒருவன், தான் வாங்கும் காசின் பெயரால் அழைக்கப்படலானான். பான்மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காக்க இந்திய அரசாங்கம் முயன்றும் பயன் விளையவில்லை. ஆயுதத்தோடு பிடிபட்ட கம்யூனிஸ்டு என்பதும் அவரைப் பற்றிய உண்மை. தொழிலாளர் தலைவர் என்பதும் உண்மை. இவ்விரண்டில் எது தலைப்பில் அமைகிறது, எது பத்தாவது வரியில் மறைகிறது என்பதே வாசகரின் உள்ளத்தில் தீர்ப்பை எழுதுகிறது.

கிள்ளான் காட்டும் பாடம்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம், செய்தி நேர்மையை ஆராய்வார்க்கு ஓர் உரைகல்லாகும். அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' ஏட்டின் துணையாசிரியர்; கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். செய்தி எழுதுபவரே மக்களோடு நின்ற நிலை அது.

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் நோயாளிகளுக்குத் தக்க மருத்துவமும் வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்ல வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் இருந்தது: துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது அது. இவ்வொரு கோரிக்கையே அக்காலத் தோட்ட வாழ்வு முழுவதையும் காட்டப் போதுமானது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். வேலைநிறுத்தம் பரவியது, இராணுவம் வரவழைக்கப்பட்டது, மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஐவர் உயிரிழந்தனர், பலர் காவலில் வைக்கப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இவை அனைத்துக்கும் அரசியல் நோக்கமுடைய வெளியாரின் தூண்டுதலே காரணம் என்பது ஆட்சியாளரின் விளக்கம்.

இவ்விளக்கத்தின் இயல்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். தூண்டியவர் எவருமே இலர் என்று கூறுவதும் பொருந்தாது. நாதன் போன்றோர் எழுதியும் பேசியும் மக்களை ஒன்றுபடுத்தியது உண்மையே. ஆனால், தூண்டுதலை மட்டும் எழுதிச் சைக்கிளை மறைத்தால், செய்தியில் பொய் எதுவும் இல்லாமலே உண்மை மறைந்துவிடுகிறது. நிகழ்ச்சி மே மாதத்தில் தொடங்குவதாகக் காட்டினால் குற்றவாளி தொழிலாளி. பல்லாண்டுத் தோட்ட வாழ்விலிருந்து தொடங்கிக் காட்டினால் கதை வேறு. செய்தி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் ஒரு தீர்ப்பே.

பாலஸ்தீனச் செய்திகளைப் பற்றிய முறையீடுகளுள் தலையாயது இதுவே. 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். இக்கொடுமையைச் சுருக்கியோ மழுப்பியோ எழுதுவது நடுவுநிலை ஆகாது. அதே வேளையில், வரலாறு அன்றுதான் தொடங்கியது போல எழுதுவதும் நடுவுநிலை ஆகாது. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தனர். 1967இல் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலின் படை ஆட்சிக்குள் வந்தன. 2007 முதல் காஸா முற்றுகைக்குள் இருந்தது. இவற்றை அறியாத வாசகர் அடுத்து வரும் எச்செய்தியையும் எடைபோட இயலாது.

வினைச்சொல்லின் இலக்கணம்

பெயருக்கு அடுத்தபடி தீர்ப்பு அமைவது வினையில். தமிழாசிரியர் நாள்தோறும் கற்பிக்கும் இலக்கணமே இங்குப் பயன்படுகிறது. 'படையினர் மக்களைக் கொன்றனர்' என்னும் தொடரில் எழுவாயும் உண்டு, செயப்படுபொருளும் உண்டு. 'மக்கள் கொல்லப்பட்டனர்' என்னும் செயப்பாட்டுவினைத் தொடரில் கொன்றவர் மறைந்துவிடுகிறார். 'மக்கள் மாண்டனர்' என்றாலோ, கொலை என்னும் செயலே மறைந்து, நோயாலும் முதுமையாலும் நேரும் சாவு போல் ஆகிவிடுகிறது. மூன்றும் இலக்கணப் பிழையற்றவை. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பவை. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல.

கொன்றவர் இன்னார் என்று தெரியாதபோது செயப்பாட்டுவினை நேர்மையான வடிவமே. தெரிந்த பின்னும் அதனையே ஆள்வதும், ஒரு சாராரின் சாவுக்கு மட்டும் எழுவாயை எழுதி மறு சாராரின் சாவுக்கு எழுவாயை நீக்குவதுமே பிழையாகும்.

ஒரு வாய்ச் செய்தி

1948 டிசம்பர் 12ஆம் நாள் சிலாங்கூரில் பத்தாங்காலியை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்ற கொள்ளையர் சுடப்பட்டனர் என்பது அதிகாரிகள் தந்த செய்தி. ஏடுகள் வெளியிட்டதும் அதுவே. கணவரை இழந்த பெண்களின் வாய்ச்சொல் அன்று செய்தியாகவில்லை. 1970இல் லண்டனின் 'தி பீப்பிள்' இதழில், அப்படையில் இருந்த சிலர் நடந்ததை ஒப்புக்கொண்ட செய்தி வெளிவந்தது. தொடங்கிய விசாரணை அவ்வாண்டிலேயே ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. உறவினர் தொடுத்த வழக்கில், வேண்டுமென்றே கொன்றதைக் காட்டும் சான்று உண்டு என 2012இல் லண்டன் உயர் நீதிமன்றம் குறித்தது. எனினும் புதிய பொது விசாரணைக்கு ஆணையிடவில்லை. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஒரு நாளில் அச்சேறிய செய்தியைத் திருத்த அறுபது ஆண்டுக்கு மேலாயிற்று.

2022 மே 11ஆம் நாள் மேற்குக் கரையின் ஜெனின் நகரில் அல் ஜசீராவின் நிருபர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகையாளர் என்பதைக் காட்டும் உடையை அவர் அணிந்திருந்தார். பாலஸ்தீன ஆயுததாரிகளின் குண்டாக இருக்கலாம் என்று இஸ்ரேல் முதலில் கூறியது. பல செய்தி நிறுவனங்கள் தாமே நிகழ்ச்சியைத் துருவி ஆராய்ந்து இஸ்ரேலியப் படையினரையே சுட்டின. அவ்வாண்டு செப்டம்பரில், தம் படைவீரர் ஒருவரின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்கும் வாய்ப்பு மிகுதி என்று இஸ்ரேலிய இராணுவம் ஒப்புக்கொண்டது. பத்தாங்காலிக்கு அறுபது ஆண்டுகள். ஜெனினுக்கு நான்கு திங்கள். படக்கருவிகளும் பத்திரிகையாளரின் விடாமுயற்சியுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

மறுதலைச் சான்றும் உண்டு. 2023 அக்டோபர் 17ஆம் நாள் காஸாவின் அல் அஹ்லி மருத்துவமனையில் நிகழ்ந்த வெடிப்பை இஸ்ரேலின் தாக்குதல் எனப் பல ஏடுகள் உடனே தலைப்பிட்டன. பாலஸ்தீனத் தரப்பிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட் தவறி வீழ்ந்தது என்று இஸ்ரேல் கூறியது; அமெரிக்க அரசாங்கத்தின் மதிப்பீடும் அதனை ஒட்டியே அமைந்தது. தொடக்கச் செய்தியில் ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறி நம்பியதாக 'நியூயார்க் டைம்ஸ்' சில நாளில் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. ஆள்பவரின் சொல்லை ஆராயாமல் ஏற்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு ஆளப்படுபவர் பெயரால் பேசுவோரின் சொல்லை ஆராயாமல் ஏற்பதும். இரக்கம் உண்மைக்கு மாற்று ஆகாது.

ஆய்வுகள் கூறுவன

இத்துறையில் செய்யப்பட்ட ஆய்வுகளுள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் பைலோ, மைக் பெரி ஆகியோர் 2004இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்து, அவற்றைக் காண்போரையும் வினவி எழுதப்பட்டது அது. எவருடைய நிலத்தை எவர் ஆக்கிரமித்துள்ளார் என்பதே பார்வையாளர் பலருக்குத் தெரியவில்லை. ஆக்கிரமித்தவர் பாலஸ்தீனரே என்று எண்ணியோரும் இருந்தனர். நாள்தோறும் செய்தி கண்டும் நிலைமை விளங்காமைக்கு, செய்தியில் வரலாறு இடம்பெறாமையே காரணம் என அவ்வாய்வாளர் காட்டினர்.

பி.பி.சி. நிறுவனத்தின் ஆளுநர் குழு அமைத்த தனிக் குழு ஒன்று 2006இல் அறிக்கை தந்தது. வேண்டுமென்றே செய்த ஒருசார்பு எதையும் தாங்கள் காணவில்லை என்று அக்குழு கூறியது. அதே நேரத்தில், ஒரு தரப்பு ஆளும் நிலையிலும் மறு தரப்பு ஆக்கிரமிப்பின்கீழ் வாழும் நிலையிலும் இருப்பதைச் செய்திகள் போதிய அளவு உணர்த்தவில்லை என்றும் குறை கூறியது. இஃது ஆழ்ந்த கருத்து. இரு தரப்புக்கும் சம நிமிடம் ஒதுக்குவதே நடுவுநிலை என்று பலர் கருதுவர். கிள்ளான் போராட்டத்தில் துரைக்கு அரைப் பத்தியும் தொழிலாளிக்கு அரைப் பத்தியும் ஒதுக்கி, ஒருவர் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியவர், மற்றவர் அதைக் காண்பவர் என்பதை எழுதாமல் விட்டால் அது நடுவுநிலை ஆகுமா?

எருசலேமில் பிறந்த அறிஞர் எட்வர்டு செய்த் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பாலஸ்தீனர் தம் கதையைத் தாமே கூறும் உரிமை மறுக்கப்படுவதைச் சுட்டினார். சயாம் மரண இரயில்பாதையின் வரலாறு அக்கருத்தைத் தமிழர்க்கு விளக்கும். அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேற்பட்டோர். அவர்களுக்குக் கல்லறைகளும் நினைவு நூல்களும் 1957இல் வந்த புகழ்மிக்க திரைப்படமும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழரும் பிற ஆசியத் தொழிலாளரும் அவர்களினும் பன்மடங்கினர். நெடுங்காலம் அவர்களை எழுதுவார் இல்லை.

எவர் விழியால் காண்பது?

1870இல் ராய்ட்டர், ஹவாஸ், உல்ப் என்னும் மூன்று ஐரோப்பியச் செய்தி நிறுவனங்கள் உலகத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசின் நாடுகள் ராய்ட்டரின் பங்கில் சேர்ந்தன. ஆகவே பாலஸ்தீனத்து நிகழ்ச்சி மலாயாவின் தமிழ் ஏட்டுக்கு லண்டன் வழியாகவே வர வேண்டியிருந்தது. மலேசியாவின் பெர்னாமா நிறுவனம் 1967இல் அமைந்ததும், செய்திப் போக்கின் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த மெக்பிரைடு குழுவின் அறிக்கை 1980இல் யுனெஸ்கோவின் சார்பில் வெளிவந்ததும் இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளே.

வழி அடைபடும்போது இடர் இன்னும் பெரிது. 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. பணியாளரும் தொண்டு நிறுவனத்தாரும் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போரின் இறுதித் திங்கள்களில் சுதந்திரமான பத்திரிகையாளர் அங்கு நுழைய இயலவில்லை. மாண்டோர் தொகை இன்றளவும் வழக்கில் உள்ளதற்கு அதுவே ஒரு காரணம். 2023 அக்டோபருக்குப் பின் வெளிநாட்டு நிருபர்கள் இராணுவத் துணையின்றிக் காஸாவுக்குள் செல்ல இஸ்ரேல் இடந்தரவில்லை. அங்கிருந்து செய்தி அனுப்பும் சுமை பாலஸ்தீனப் பத்திரிகையாளர் தோள்மீதே விழுந்தது. அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். காஸாவில் மாண்டோர் தொகை 2025இன் நடுவில் 60,000ஐக் கடந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்தது. அதனை ஏடுகள் 'ஹமாஸ் நடத்தும் அமைச்சு' என அடைகொடுத்தே எழுதின. அடை உண்மையானதே. ஆனால் போரில் ஒரு தரப்பாகிய இராணுவத்தின் கூற்றுக்கு அத்தகைய எச்சரிக்கை எதுவும் இன்றி வெளியிட்டால், துலாக்கோலின் ஒரு தட்டில் மட்டும் கல் வைத்ததாகும்.

திருக்குறளில் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் உண்டு. செய்தி வாசகர் அதனோடு ஒற்றாடல் அதிகாரத்தையும் சேர்த்துப் பயில்வது நன்று. ஒரே ஒற்றன் கொணர்ந்ததை நம்பிவிடாமல் மற்றொருவன் சொல்லோடு ஒத்துப் பார்த்தே தெளிய வேண்டும் என்பது வள்ளுவர் வேந்தனுக்குக் கூறிய நெறி. மக்களாட்சியில் அந்நெறி வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரியது. பெயரிட்டவர் யார், வினையின் எழுவாய் எங்கே, கதை எந்த நாளில் தொடங்குகிறது, மறு தரப்பின் சாட்சி கேட்கப்பட்டதா என்னும் நான்கு வினாக்களை எந்தச் செய்தியின் முன்னும் வைக்கலாம். உயர்நிலை வகுப்பில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு செய்தித்தாள்களை மாணவர்க்குத் தந்து இவ்வினாக்களை எழுப்பினால், இலக்கணமும் வரலாறும் ஒரே பாடமாகும்.

'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. மாசாய் வட்டாரத்தின் பழைய தோட்டங்கள் பல வீடுகளாகவும் ஆலைகளாகவும் மாறிவிட்டன. ஒருவர் படிக்கப் பலர் கேட்ட காலம் போய், ஒவ்வொருவர் கையிலும் செய்தி தனித்தனியே வந்து சேர்கிறது. அன்று படிப்பவரை இடைமறித்து, 'அப்படியா நடந்தது?' என்று கேட்க ஒரு கிழவரேனும் அருகில் இருந்தார். அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் இன்று வாசகர் தாமே.